மேல் கட்டில் சட்டம்

“நேத்து மேல் கட்டில்ல படுத்தது நான். அதனால இன்னிக்கு எங்கே போறதுன்னு நான்தான் சொல்லுவேன்” என்றாள் ரியா, விடுதிச் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி. அதன்மேல் சாக்லேட் துருவலை வேறு தூவினாள். எந்த ஊரில் கண் விழித்தாலும் அது இல்லாமல் ஒரு டச்சுக்காரிக்குப் பொழுது விடியாது.

அந்தச் சட்டத்தைப் போட்டதே ஃபெம்கேதான். முதல் விடுதியில் அடுக்குக் கட்டிலைப் பார்த்ததுமே மேல் கட்டிலுக்கு இருவரும் அடித்துக்கொண்டார்கள். மாறி மாறிப் படுப்போம், மேலே படுத்தவள் சொல்கிற ஊருக்குக் கீழே படுத்தவள் மூச்சுக் காட்டாமல் வரவேண்டும் என்று அப்போது கைகுலுக்கிக்கொண்டதுதான். ரியா சொல்லிப் புடாபெஸ்ட் போய் வெந்நீர்க் குளத்தில் நாளெல்லாம் ஊறினார்கள். ஃபெம்கே சொல்லி ட்ரியெஸ்டே போய், கொட்டுகிற மழையில் ஒரே குடைக்குள் நின்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

இப்போது குரோஷியாவில் ஜாக்ரெப். ரயில் நிலையம் கூப்பிடு தூரம். ஒரு வண்டி தெற்கே ஸ்ப்ளிட்டுக்கு, கடலும் வெயிலும் பொரித்த மீனும் இருக்கிற பக்கம். இன்னொன்று வடக்கே மியூனிக்குக்கு. அங்கே மாறினால் ஹாலந்து, வீடு. லீவு இன்னும் ஒரு வாரம் பாக்கி இருந்தது. ரியா மட்டும் வடக்கே என்று வாயைத் திறந்துவிட்டால் எல்லாம் போச்சு.

திறப்பாள் போலத்தான் இருந்தது. எல்லாம் வீட்டில் தனியாக விட்டுவந்த யோஸ்ட்டால் வந்த வினை.

“பாவம்டி அவன்” என்று ரியா ஆரம்பித்தாள். “தினமும் ராத்திரி ரொட்டியும் சீஸும்தானாம். துவைக்கப் போட்டதுல வெள்ளைச் சட்டையெல்லாம் ரோஸ் கலராயிடுச்சாம்.”

“ரோஸ் அவனுக்கு எடுப்பாத்தான் இருக்கும்.”

“விளையாடாதே. ஒரு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது அவனுக்கு. இத்தனை வருஷமா எல்லாத்தையும் நானே செஞ்சு போட்டுக் கெடுத்து வெச்சிட்டேன்.”

“அது என்னவோ வாஸ்தவம்” என்றாள் ஃபெம்கே, மனதார.

கழுதை வயதான ஒரு ஆண்பிள்ளை இன்னும் ஒரு வாரம் தனியாக இருந்தால் குடியா முழுகிவிடும் என்று கேட்டாள். தன் போனை அணைத்துப் பையின் அடியில் அழுக்குக் காலுறைகளோடு போட்டு எத்தனையோ நாளாகிறது, தூக்கம் என்ன சுகமாக வருகிறது என்றாள். ஸ்ப்ளிட்டுக்கு வந்தால் மிச்ச நாளெல்லாம் மேல் கட்டில் உனக்கே என்று ஆசை காட்டினாள். லஞ்சமா என்று கேட்டு ரியா சிரித்தாளே தவிர, மசியவில்லை.

ஃபெம்கே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “தாயே, உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். நான் இப்படிச் சிரிச்சு வருஷக்கணக்காச்சு. ஊருக்குப் போனா நீ வேற ஆளாயிடுவே, நானும் வேற ஆளாயிடுவேன். இன்னும் ஒரு வாரம் இப்படியே இருந்துட்டுப் போவோமே.”

ரியா கடித்த ரொட்டியை அப்படியே தட்டில் வைத்தாள். கண் லேசாகக் கலங்கியிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா அவளுடைய போன் அடிக்க வேண்டும்? யோஸ்ட்தான்.

ஃபெம்கேவுக்கு நம்பிக்கையே போய்விட்டது. அந்தக் குரலைக் கேட்டால் ரியா வெண்ணெயாக உருகிவிடுவாள். நினைத்தபடியே, “சொல்லுப்பா, சாப்பிட்டியா?” என்று குழைந்தாள். அவன் நீளமாக ஏதோ புலம்பினான். இவள் உம் கொட்டிக்கொண்டே வந்தாள். சட்டென்று உம் நின்றது.

“என்னது? பாத்திரமெல்லாம், வந்து கழுவட்டும்னு அப்படியே குவிச்சு வெச்சிருக்கியா?”

ரியா எழுந்தாள். துருவல் பொட்டலத்தை இறுக்கக் கட்டிப் பைக்குள் போட்டாள். முதுகுப்பையைத் தூக்கி மாட்டிக்கொண்டாள்.

“ஸ்ப்ளிட் வண்டி எத்தனை மணிக்கு?”

ஃபெம்கே துள்ளி எழுந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். போனுக்குள் யோஸ்ட் ‘ஹலோ, ஹலோ’ என்று கத்திக்கொண்டிருந்தான். ரியா அதை அவள் கையில் திணித்தாள்.

“இந்தா, வர இன்னும் ஒரு வாரமாகும்னு உன் புருஷன்கிட்ட சொல்லிடு.”

“நான் எதுக்கு?” என்று போனைத் திருப்பி நீட்டினாள் ஃபெம்கே. “நீ பெத்த பிள்ளை. நீயே சொல்லு.”