காது மிஷினுக்குப் பிடிக்காத குரல்

தன் கணவர் ஞானசேகரன் செவிடாக நடிக்கிறார் என்று பிரபாவதி முடிவே கட்டிவிட்டாள். புதுக் காது மிஷின் மாட்டியும் என்ன புண்ணியம்? கிரிக்கெட் கமென்ட்ரி கேட்கிறது. மாடி வீட்டு சித்ரகலா மெல்ல "சார்" என்றாலும் திரும்புகிறார். இவள் "ஏனுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினால் மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

காந்திபுரத்தில் மிஷின் வாங்கிய கடைக்கே அவரை இழுத்து வந்தாள்.

கடைக்காரப் பெண் மெர்லின், அவர் காதிலிருந்த மிஷினை டேப்லெட்டில் இணைத்துப் பார்த்தாள். "சார் நடிக்கலீங்க மேடம். உங்க குரல் அவருக்கு நிஜமாவே கேக்கறதில்லை."

"என் குரலை மட்டும் நிறுத்தி வெச்சது யாருங்க?" பிரபாவதியின் சந்தேகம் இப்போது மாடிப்படி ஏறியது.

"யாருமில்லீங்க. உள்ள இருக்கற சிப்பு மூளை மாதிரி தானா பழகிக்கும். சார் திரும்பிப் பாக்கற சத்தத்துக்கு மட்டும்தான் கரண்ட் செலவழிக்கும். ரொம்ப நாளா அவர் கண்டுக்காத சத்தத்தை வெட்டிடும்."

"அப்போ வாங்கின புதுசுல நான் கூப்பிட்டது கேட்டிருக்கும்?"

மெர்லின் தயங்கினாள். "கேட்டிருக்குமுங்க."

ஞானசேகரன் சுவர் விளம்பரத்தை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்று மெர்லின் அவசரமாகக் கூப்பிட்டாள். உடனே திரும்பினார். "மேடம் குரலைத் திரும்பச் சேர்த்துடட்டுங்களா? சின்ன வேலைதான்."

ஞானசேகரன் மனைவியைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"சேர்த்தா, பேட்டரி சீக்கிரம் தீர்ந்துடுங்களா?"