தலைமுறை கேரண்டி

“பல்பு போச்சுன்னு யார்கிட்டடி சொல்ற? அது போற பல்பே இல்ல. நீ வந்ததாலதான் போச்சு!” என்று மாமியார் ஹரிணி போட்ட கூச்சலில், அடுக்ககத்தின் கதவுகள் எல்லாம் ஒருக்களித்துத் திறந்தன.

மருமகள் இதழினி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊரில் எல்லார் பூஜையறையிலும் எரிகிற அதே எல்இடி பல்புதான். தலைமுறைக்கும் கேரண்டி. தப்பித்தவறி அணைந்தால் குற்றம் பல்பில் இல்லை, வீட்டுக்குப் புதிதாக வந்த ஆளிடம் என்பது கம்பெனி வகுத்த விதி. அதை நம்பாதவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை.

இதழினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “காத்தே போகாத கண்ணாடிக் கூண்டுல அடைச்சு, மேல பட்டுத்துணி சுத்துனது நீங்க, அத்தை! சூட்டுல வெந்து செத்திருக்கு. நான் என்ன பண்ணேன்?”

“சாமி வெளக்க அம்மணமாவா விடுவாங்க?”

இதழினி புருஷனைப் பார்த்தாள். நிதின் கூரையைப் பார்த்தான்.

“ஆள் மாறினாத்தான் புது பல்பு தருவாங்களாம், இதழி.”

ஆக, இவன் கம்பெனியிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டான். அவள் அன்றே பெட்டியைக் கட்டினாள்.

தையில் நிதினுக்கு மறுகல்யாணம். பெண்ணுக்கு முன்பே பல்பு வந்து இறங்கியது. இதழினி ஓசூர்ப் பக்கம் போய்விட்டாள். பல்பு போனால் பல்பை மட்டும் மாற்றுகிற ஒருத்தனைக் கட்டிக்கொண்டாளாம்.