கொப்பிப் பெட்டி

“பதினைஞ்சு வருசம் உன்னோடை நிண்ட மனிசனை நிப்பாட்டிப்போட்டு, ஒரு பெட்டியை வைச்சு மேளம் அடிக்கிறாய். உனக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கோ?”

வந்தவனுக்குத் தேத்தண்ணி கூட வரவில்லை, ஸ்ரீஸ்கந்தராசா தொடங்கிவிட்டார். அடுத்த சனிக்கிழமை அவருடைய மகள் ஆரணிக்குக் கல்யாணம். பாட்டுக் கோஷ்டி பேச வந்திருந்தான் ரவீந்திரன். கிழமை நாட்களில் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவன், வார இறுதியில் கீபோர்ட் வாசிக்கிறவன். கோஷ்டியும் அவனுடையதுதான்.

“பெட்டி நல்ல பெட்டி அண்ணை. இருபத்தைஞ்சு வருசத்துக்கு முந்தி ஜப்பான்காரன் செய்த ட்ரம் மெஷின். அந்தப் பழசை இப்ப வாங்கிறதெண்டால் என்ரை காரை விக்கவேணும். துரொண்ட்ஹெய்மிலை ஒருத்தன் அதின்ரை சர்க்கியூட்டை அப்பிடியே வரைஞ்சு, போர்ட்டும் பார்ட்ஸுமாய் மலிவாய் அனுப்புறான். நான்தான் நாலு மாசமாய்க் குசினி மேசையிலை வைச்சு ஈயம் பிடிச்சு ஒட்டினனான்.”

“அப்ப ஒரிஜினலும் இல்லை. கொப்பி!”

“கொப்பிதான். ஆனால் சத்தம்...”

“சத்தத்தைப் பற்றி எனக்குச் சொல்லாதை. போன மாசம் பிறந்தநாள் வீட்டிலை கேட்டனான். அடியிலை உயிரே இல்லை.”

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அவருடைய மனைவி யோகராணி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஆரணி பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கும் அருட்செல்வம் அண்ணைதானே தம்பி மேளம் அடிச்சவர். பாவம், இப்ப வெளியிலையே காணேல்லை. நல்லா மனம் உடைஞ்சு போனார் போலை.”

இந்தப் பேச்சு ரவீந்திரனுக்குப் புதிதல்ல. கோயிலில் கேட்டார்கள், தமிழ்க் கடையில் கேட்டார்கள். பஸ்ஸில் ஏறிய ஒருவர், பின்னால் ஏழு பேர் காத்து நிற்க, டிக்கெட் எடுக்கிற சாக்கில் நின்று கேட்டார்.

“முடிவாய்ச் சொல்லுறன்,” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. “அருட்செல்வம் அண்ணை மேடையிலை நிக்கவேணும். இல்லாட்டி உன்ரை கோஷ்டி எனக்கு வேண்டாம்.”

ரவீந்திரன் எழும்பினான்.

“கேட்டுப் பாக்கிறன் அண்ணை.”

சனிக்கிழமை அம்மருட் மண்டபம் நிரம்பி வழிந்தது. அருட்செல்வம் வந்துவிட்டார். அதே வெள்ளைச் சட்டை, அதே குச்சிகள். அவருக்கு முன்னால் அவருடைய பழைய எட்டுத் தட்டு எலெக்ட்ரிக் மேளம். அந்த வகை மேளத்தில் எந்தத் தட்டில் தட்டினாலும் அதற்குரிய சத்தம் ஸ்பீக்கரில் வரும்.

பழைய பாட்டொன்றை எடுத்தான் ரவீந்திரன். குச்சிகள் எழும்பி விழுந்தன. முதலில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஆடினார்கள். பிறகு ஆடவே மாட்டேன் என்று பிடிவாதமாய் இருந்த மாமாமாரும் கோட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். ஸ்ரீஸ்கந்தராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை அவர்.

மூன்றாம் பாட்டு முடிந்ததும் மைக்கை வாங்கிக்கொண்டார்.

“கேட்டியளோ? இதுதான் மனிசக் கை! எந்தக் கொப்பிப் பெட்டியாலை இப்பிடி அடிக்க ஏலும்?”

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. அருட்செல்வத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். ரவீந்திரனுக்குக் கிடைத்தது ஒரு முறைப்புத்தான்.

“தம்பி, இனியாவது அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடு.”

“ஓம் அண்ணை,” என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

கச்சேரி முடிந்து சனம் சாப்பாட்டுக்கு எழும்பியது. மேடையில் இரண்டு பேர்தான் மிச்சம். ரவீந்திரன் வயர்களைச் சுற்றினான். எட்டுத் தட்டு மேளத்திலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரு வயரும் போயிருக்கவில்லை. மேளச் சத்தமெல்லாம் வந்தது கீபோர்டுக்குக் கீழே, துணிக்குள் இருந்த கொப்பிப் பெட்டியிலிருந்துதான்.

அருட்செல்வம் பொன்னாடையை மடிக்கப் பார்த்தார். இரண்டு கையும் நடுங்கின. தைப்பொங்கலோடு தொடங்கிய நடுக்கம். அவருடைய மனைவிக்கும் டாக்டருக்கும் ரவீந்திரனுக்கும் மட்டும் தெரியும்.

“எல்லாரும் என்ரை அடி எண்டு கை தட்டிச்சினம். எனக்கு வெக்கமாய்க் கிடக்கு ரவி.”

“உங்கடை அடிதானே அண்ணை. பெட்டியின்ரை பொத்தானுகளை ஒவ்வொண்டாய் அமத்தித் தாளம் முழுக்கப் பதிஞ்சது ஆர்? ஆறுதலாய், மெல்ல மெல்ல அமத்தினால் போதும், நடுங்கிற விரலுக்கும் அது சொல்லுக் கேக்கும். அதுக்காகத்தானே இதைச் செய்தனான்.”

அருட்செல்வம் பொன்னாடையை அப்படியே சுருட்டிப் பையில் வைத்தார்.

“நானாய்த்தான் விலகினனான் எண்டு நீ அண்டைக்கே சொல்லியிருக்கலாம். உனக்கு இவ்வளவு பேச்சு விழுந்திருக்காது.”

“என்னைப் பேசினால் பேசிட்டுப் போகட்டும் அண்ணை. சொல்லியிருந்தால் இண்டைக்குச் சனம் உங்கடை அடியைக் கேட்டிராது. கையைத்தான் பாத்துக்கொண்டிருந்திருக்கும்.”