இரண்டாம் சாட்சி

சான்றிதழ்கள் இருக்கும் கணக்கின் கடவுச்சொல் சரிதான். அடுத்து, பதிவு செய்த சாட்சி திரையில் வந்து "இவள்தான்" என்று சொல்ல வேண்டும். கல்லூரி விடுதியில் இருந்தபோது அறைத்தோழி ஜெபசீலியைச் சாட்சியாகப் போட்டிருந்தாள் பேச்சித்தாய். ஒரு சண்டைக்குப் பிறகு இப்போது மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. ஆளை மாற்றவும் ஜெபசீலியே சம்மதிக்க வேண்டுமாம். எவன் வகுத்த சட்டமோ! ஐந்து மணிக்குள் கணக்கைத் திறந்து சான்றிதழை அனுப்பாவிட்டால் கிடைத்த வேலை போய்விடும். வேறு வழியில்லாமல் அழைத்தாள்.

மில் உடுப்போடு, மூச்சிரைக்க ஜெபசீலி திரைக்கு வந்தாள்.

"இவரைத் தெரியுமா?" என்றது இயந்திரம்.

"இந்த மூஞ்சியத் தெரியாதா? மூணு வருசமா மனசுக்குள்ள ஏசிக்கிட்டுல்லா இருக்கேன்! இவளேதான்."

கணக்கு திறந்தது. பேச்சித்தாய் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, அழாத. முதல்ல வேலையில சேரு. மிச்சச் சண்டைய ஞாயித்துக்கிழம வச்சிக்கிடலாம்."