பார்க் பாட்டியின் மருமகள்

பார்க் பாட்டியைப் பற்றி மைக்கில் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் பாட்டியின் மருமகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சும்மா கண் அசந்த தூக்கம் இல்லை. தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அசல் தூக்கம்.

"பாருங்க அநியாயத்தை!" என்றார் யோகா டீச்சர், பக்கத்தில் இருந்த மருந்துக்கடைக்காரரிடம். "மாமியார் போய் ஒரு மாசம்தான் ஆகுது."

"நர்ஸாம். நைட் டூட்டி முடிச்சு நேரா இங்க வந்திருக்காங்க. கழுத்துல ஆஸ்பத்திரி அட்டையைக்கூட இன்னும் கழட்டல."

"அதுக்காக? கொஞ்ச நேரம் முழிச்சிருக்க முடியாதா? அந்தம்மா தினமும் சாப்பாட்டு டப்பாவோட இங்க வந்து உட்காருவாங்களே, எனக்கு அப்பவே சந்தேகம்தான். வீட்டுல இவங்க எந்த லட்சணத்துல வெச்சிருந்தாங்களோ!"

மருந்துக்கடைக்காரர் பட்டும் படாமல் தலையை ஆட்டி வைத்தார்.

பார்க்குக்கு நடக்க வருகிறவர்கள் சேர்ந்து நடத்திய கூட்டம் அது. பாட்டி வழக்கமாக உட்காரும் மரத்தடியில் அவர் நினைவாக ஒரு கல் பெஞ்சு போட்டு, துணியால் மூடி வைத்திருந்தார்கள். மருமகள் அந்தத் துணியை விலக்க வேண்டும் என்று ஏற்பாடு. மகன் லாரி டிரைவர்; லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். காலேஜில் படிக்கும் பேத்தி, அம்மாவின் தலை சரியாமல் தோளைக் கொடுத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பேசிக்கொண்டிருந்தவர் ரிடையர் ஆன ஹெட்மாஸ்டர். இந்த நடைக்கோஷ்டிக்கு அவர்தான் தலைவர்.

"வெயில் கொளுத்தும், வருவாங்க. மழை கொட்டும், குடையைப் பிடிச்சுக்கிட்டு வருவாங்க. நாமெல்லாம் நாலு சுத்து சுத்திட்டு வீட்டுக்குக் கிளம்பிடுவோம். அவங்க மத்தியானம் வரைக்கும் இங்கேயேதான். 'வீட்டுக்குப் போகலையாம்மா?'ன்னு கேட்டா, 'இந்தப் பச்சையை விட்டுட்டு எப்படிப்பா போறது?'ம்பாங்க. இயற்கை மேல அப்படி ஒரு பைத்தியம்!"

கைதட்டினார்கள். மருமகள் அசையவில்லை.

மருந்துக்கடைக்காரரும் எழுந்து இரண்டு வார்த்தை பேசினார்.

"இங்க இருக்கிற பறவைக்கெல்லாம் பாட்டி பேர் வெச்சிருந்தாங்க. ஒரு மைனாவுக்கு வக்கீல்னு பேரு. ஓயாம வாதாடுமாம். குளத்துல இருக்கிற அந்தக் குண்டு வாத்து, மேனேஜர். ஒரு வேலையும் செய்யாம எல்லாரையும் மேய்க்குமாம்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"ஒரு தடவை இந்த மரத்துக் கிளையை வெட்ட ஒரு ஆள் வந்தான். 'மேல கூட்டுல குஞ்சு இருக்கு. அது பறந்ததும் வா'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவனும் கோடாரியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான்."

மறுபடியும் சிரிப்பு. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஹெட்மாஸ்டர் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பார்வை முன்வரிசைக்குப் போனது.

"இப்படிப்பட்டவங்களோட அருமை நமக்குத் தெரிஞ்சுது. ஒரே வீட்டுல இருந்தவங்களுக்குத் தெரிஞ்சுதான்னு எனக்குத் தெரியல. சரி, பெஞ்சைத் திறக்கணும். அம்மாவை எழுப்பும்மா."

"வேண்டாம் சார். கொஞ்ச நேரம் தூங்கட்டும்," என்றாள் பேத்தி.

"என்னம்மா இது? உன் பாட்டிக்கு நீங்க காட்டுற மரியாதை இதுதானா?"

பேத்தி தன் பையைத் தலையணை மாதிரி நாற்காலி முதுகில் வைத்து, அம்மாவின் தலையை மெல்ல அதில் சாய்த்துவிட்டு எழுந்து போனாள். ஹெட்மாஸ்டர் மைக்கை நீட்டினார்.

"மைக் வேண்டாம் சார். எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க."

அவள் பேசுவது காதில் விழுவதற்காக ஆளாளுக்கு நாற்காலியை விட்டு எழுந்து நெருங்கி வந்தார்கள்.

"எங்க பாட்டிக்குச் செடி கொடின்னாலே ஆகாது."

"என்னது?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"பூ வாசம் பட்டாப் போதும், அடுக்குத் தும்மல் வரும். ஆரம்பத்துல ஒரு நாள், காலேஜ் லீவுன்னு நானும் கூட வந்தேன். ஒரு கம்பளிப்பூச்சி அவங்க தோள்ல ஏறிடுச்சு. அவங்க போட்ட கூச்சல்ல வாட்ச்மேனே ஓடி வந்துட்டாரு. கண்ணு ஒரு பக்கம் ஒழுகுது, மூக்கு ஒரு பக்கம் ஒழுகுது. 'இவ்வளவு அவஸ்தைப்பட்டு எதுக்குப் பாட்டி இங்க வர்றே?'ன்னு கேட்டேன்."

யோகா டீச்சர் இன்னும் ஓர் அடி முன்னால் வந்தார்.

"போகப் போகப் பழகிடுச்சு. வக்கீல், மேனேஜர் எல்லாரையும் நிஜமாவே பிடிச்சும் போச்சு. அம்மாவுக்கு லீவு இருக்கிற நாள்லகூட, 'என் ஆளுங்களைப் பார்த்துட்டு வரேன்'னு கிளம்பிடுவாங்க. ஆனா அவங்க முதல்ல வந்தது அதுக்காக இல்ல."

"பின்ன எதுக்கு?" என்றார் யோகா டீச்சர்.

பேத்தி அம்மாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். குரல் இன்னும் இறங்கியது.

"எங்க வீடு ஒரே ரூம் ஆன்ட்டி. பாட்டி லேசா இருமினாக்கூட அம்மா பதறி எழுந்துடுவாங்க. எழுந்தா சும்மா இருக்க மாட்டாங்க. வெந்நீர் வைக்கவா, கால் பிடிச்சு விடவான்னு ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் ராத்திரி டூட்டிக்குத் தள்ளாடிக்கிட்டே போவாங்க. 'நான் வீட்டுல இருந்தா அவ தூங்க மாட்டா. அவளுக்காகப் போறேன்னு சொன்னாலும் தூங்க மாட்டா. எனக்கு மரம் செடின்னா உசுருன்னு சொல்லி வெச்சிருக்கேன். நம்பிட்டா, நல்லாத் தூங்குறா'ன்னாங்க பாட்டி. அம்மாவுக்கு இது இன்னும் தெரியாது. நீங்க யாரும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா, அதுக்கப்புறம் அவங்களுக்குத் தூக்கமே வராது."