ஓடை போன வழி

கடப்பாரையின் முதல் அடி வழுக்கியது. பூச்சு மட்டும் பெயர்ந்து அவள் காலடியில் விழுந்தது.

இரண்டாவது அடியில் செங்கல் தெரிந்தது.

மழை தூறலாகக் குறைந்திருந்தது. பின்சுவருக்கு அந்தப் பக்கம், ஓடைத்தெருவில், மூன்று நாளாகத் தண்ணீர் இறங்கவில்லை. கட்டில்மேல் கட்டில் போட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம், அவள் தோட்டத்தில், செருப்பு நனைகிற அளவுக்குத்தான் ஈரம்.

ஊரில் ஓடைத்தெருவுக்குத்தான் வயது அதிகம். மேற்கே ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் அதன் ஓரமாக ஓடிவந்து, ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கி, கிழக்கே நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் போய்விடும்.

பள்ளத்தில் ஒரு நாள் லாரி லாரியாக மண் கொட்டினார்கள். வெள்ளைக்கல் நட்டார்கள். பூக்களின் பெயரில் தெருக்கள் வந்தன. நுழைவு வளைவில் ‘சௌபாக்கியா நகர்’ என்று எழுதினார்கள்.

ஓடைக்கு நேர் குறுக்கே வந்தது அவள் வீட்டு மனை.

கணவர் தணிகாசலம் குடையோடு பின்வாசலில் நின்றார். சுவர் எழும்பியபோது காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் ஊற்றியவர் அவர்.

“நகர் சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

“முந்தாநாளே கேட்டாச்சு.”

கேட்டிருந்தாள். வடிந்துவிடும் என்றார்கள். நேற்று, யாரும் சுவரில் கை வைக்கக் கூடாது என்றார்கள்.

சுவருக்கு அப்பால் ஒரு பெண் குரல் கேட்டது. “யாருங்க அது?”

“நான்தாம்மா. எல்லாரும் தள்ளி நில்லுங்க.”

உள்ளங்கையில் தோல் உரிந்தது. அவள் நிறுத்தவில்லை. சுவரின் அடியில் ஒரு செங்கல் அசைந்தது. அடுத்தது தானாக வந்தது.

பிறகு சுவரே வந்தது.

தண்ணீர் அவளை முழங்காலில் அடித்து உட்கார வைத்தது. தணிகாசலம் குடையை விட்டெறிந்துவிட்டு ஓடிவந்து கை கொடுத்தார். திட்டுவார் என்று நினைத்தாள். கடப்பாரையைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

சேற்றுநிறத் தண்ணீர் வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்கேட்டைத் தள்ளியது. தெருவைக் குறுக்கே கடந்தது. யாரும் வழி காட்டவில்லை.

எதிர்வீட்டு மதிலில் முட்டி நின்றது.

அது சங்கச் செயலாளர் வேதநாயகத்தின் வீடு. அதற்குப் பின்னால்தான் பாலம்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வெளியே வந்தார். “என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? என் வீட்டுக்குள்ள பூந்துடும்ல?”

“பூரும் சார். பூந்துதான் போவணும்.”

“மதில்ல கை வெச்சீங்கன்னா போலீசக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க.”

அவள் கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். தண்ணீர் இழுத்தது. அதன் போக்கிலேயே நடந்தாள். பின்னால், உடைந்த சுவர் வழியாக ஓடைத்தெரு ஆட்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள்.

வேதநாயகம் கேட்டின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

அவருக்கு முதுகுப் பக்கம், வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. மதிலோரம் இருந்த பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, வாசற்படியின் மேல் வைக்கத் தொடங்கினாள்.