முன்வரிசைக்கு மட்டும்

சார் மீசையை எடுத்துவிட்டார்.

சாதாரண மீசையா அது? வகுப்புக்குள் முதலில் மீசை வரும், பின்னாலேயே சார் வருவார். பருவம் தொடங்கி எட்டாவது நாள், மழுமழுவென்று வந்து நின்றார்.

"இதுல ஏதோ இருக்கு," என்றாள் உளவு.

உளவியல் வகுப்பில் எல்லாரையும் எப்போதும் சந்தேகப்படுகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வைத்தது நான்தான்.

அந்தப் பருவத்துக்கு விருப்பப் பாடங்கள் நான்கு. குற்றவியல் உளவியலில் இடம் நிரம்பிவிட்டது. விளையாட்டு உளவியல் எடுத்தால் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார்கள் என்று வதந்தி. நுகர்வோர் உளவியலில் புள்ளியியல் உண்டு என்றதும் கும்பிடு போட்டுவிட்டோம். மிச்சமிருந்தது உடல்மொழி. நாங்கள் பன்னிரண்டு பேர், வேறு கல்லூரியிலிருந்து மாற்றலாகி வந்த ஒருத்தியையும் சேர்த்துப் பதின்மூன்று.

முதல் வகுப்பிலேயே சார் சொன்னார்: "காரணம் இல்லாம யாரும் பழக்கத்தை மாத்திக்க மாட்டாங்க. ஒருத்தர் கண்ணு எங்க போகுதுன்னு பாருங்க."

பார்த்தோம். அவர் கண் அந்த மாற்றலாகி வந்தவளை விட்டு நகரவில்லை. எப்போதும் முதல் பெஞ்சில் தனியாக உட்காருவாள். அவளுக்கு 'முன்வரிசை' என்று பெயர் வைத்தோம்.

"அவளுக்கு மட்டும்தான் பாடம் நடத்தறார்," என்றாள் உளவு. "பலகையில எழுதும்போது பேச்சை நிறுத்திடறார், கவனிச்சியா? எழுதி முடிச்சு, திரும்பி, அவ மூஞ்சியப் பார்த்தப்புறம்தான் அடுத்த வார்த்தை வருது."

"அவளும் கண்ணைச் சிமிட்டாம அவரையேதான் பார்க்கறா."

"நம்மகிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்காளா? பின்னாடியிருந்து கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டா. அவ்வளவு திமிரு."

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்தேன். சார் வருவதற்கு முன், கடைசி பெஞ்சுக்குக் கீழே குனிந்துகொண்டு, அச்சு அசல் அவர் குரலில், "எல்லாரும் எழுந்து நில்லுங்க," என்றேன்.

பதினொரு பேரும் பதறி எழுந்தார்கள். முன்வரிசை மட்டும் நோட்டில் ஓரக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீதானா, சனியனே," என்று என் மண்டையில் ஒரு குட்டு வைத்துவிட்டு உளவு உட்கார்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பாரு. சார் சொன்னாலே எழுந்திருக்க மாட்டா. அப்படின்னா எவ்வளவு செல்லம் குடுத்து வெச்சிருக்கார்?"

அன்று சாயங்காலமே புகார் எழுதினோம். பன்னிரண்டு கையெழுத்து.

துறைத்தலைவி பேச்சை 'அதாவது' என்று தொடங்கி 'புரியுதா'வில் முடிப்பவர். உளவையும் என்னையும் நிற்கவைத்துக்கொண்டே சாரைக் கூப்பிட்டார்.

"அதாவது, ஒரு மாணவியை மட்டும் பார்த்துப் பாடம் நடத்தறீங்கன்னு இவங்க எழுதிக் குடுத்திருக்காங்க. புரியுதா?"

"உண்மைதான் மேடம்."

உளவு என் காலை மிதித்தாள்.

"அதாவது, என்ன காரணம்?"

சார் இல்லாத மீசையைத் தடவிக்கொண்டார். "அதைச் சொல்ல முடியாது மேடம்."

"உங்க வேலை இன்னும் நிரந்தரம் ஆகலைங்கறது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அப்பவும் சொல்ல மாட்டீங்க?"

"மாட்டேன் மேடம்."

துறைத்தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு விசாரிச்சா அது பேரு கெட்டுடும். அதாவது, நாளையிலேருந்து வேற ஒருத்தர் வகுப்பெடுப்பார். உங்க விஷயத்தைக் குழு பார்த்துக்கும். புரியுதா?"

"சரி மேடம். வர்றவர் மட்டும் கொஞ்சம் நிதானமா, பசங்களைப் பார்த்துப் பேசறவரா இருந்தா நல்லது."

"அதையும் நீங்க சொல்லித்தான் நான் செய்யணுமா?"

சார் தலையாட்டிவிட்டு வெளியே போனார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"குற்ற உணர்ச்சி," என்றாள் உளவு. "மூணாவது பாடத்துலயே இருக்கு."

புது சார் பேசிக்கொண்டே எழுதுவார், எழுதிக்கொண்டே நடப்பார். கேள்வி கேட்டால் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வார். இரண்டே நாளில் அவர் குரலையும் பிடித்துவிட்டேன். மூன்றாம் நாள் முதல் பெஞ்ச் காலி.

"ஆள் மாறினதும் படிப்பு கசந்துடுச்சு பாரு," என்றாள் உளவு.

மறுநாள் புது அடையாள அட்டை வாங்க அலுவலக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் அவள். விருப்பப் பாடத்திலிருந்து விலகும் படிவத்தை நீட்டியிருந்தாள்.

எழுத்தர் ஏதோ பதிவேட்டில் குனிந்தபடியே, "காரணம் எழுதலையேம்மா," என்றார். அவள் அப்படியே நின்றாள். "காரணம் எழுதும்மா." நின்றாள். "காது கேக்குதா இல்லையா, காரணம் எழுதாம வாங்க மாட்டேன்."

இவரிடமுமா இந்தத் திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுத்தர் சலித்துப்போய் நிமிர்ந்து, படிவத்தை அவள் பக்கம் திருப்பி, காலியாக இருந்த கட்டத்தை விரலால் தட்டிக் காட்டினார். அவள் பேனாவைத் திறந்தாள். என்ன கதை விடப்போகிறாள் பார்ப்போம் என்று அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

'எனக்குக் காது கேட்காது. உதடு தெரிந்தால்தான் பாடம் புரியும். இதைப் பழைய சாரிடம் மட்டும் சொல்லி, வகுப்பில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டிருந்தேன்.'